கொடிக்குள் இருந்த வேப்பிலை

அந்தக் கொடியைக் கிழித்தவள் நான்தான்.

போர் கிழிக்கவில்லை. ஆர்னேயின் நடுங்கும் கைகள் கிழிக்கவில்லை. என் கைகள்தான்... ஒஸ்லோவின் ஓரம், ஸ்டோவ்னரில் எட்டாம் மாடியில், என் கட்டிலின் மேல், நல்ல வெயில் எறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்! இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் தெருவில் காணப்போவதில்லை என்ற துணிவில்தான்.

என்ன கொடி என்று கேட்பீர்கள். பழங்காலப் படைவீரர்களைப்போல உடுத்து, கூடாரம் அடித்து, சத்தம் மட்டும் போடும் துப்பாக்கிகளோடு பழைய சண்டைகளை நடித்துக் காட்டும் குழு ஒன்று ஒஸ்லோவில் இருக்கிறது. அதன் தலைவர் ஆர்னே, ஓய்வுபெற்ற ஆசிரியர். அங்காடி வளாகத்தில் உள்ள என் தையல் கடைக்கு ஒருநாள் சீருடைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பொத்தான் துளைகளைக் கையாலேயே தைக்க வேண்டும் என்றார். தைத்துக் கொடுத்தேன். அடுத்த கோடையில், தலையில் துணித் தொப்பியும் நீண்ட பாவாடையுமாக, படைக்குப் பின்னால் ரொட்டி விற்பவளாக நானும் நின்றேன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நோர்வேப் படையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரி! என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். வந்து இத்தனை காலத்தில் முதல்முறையாக இந்த ஊர் என்னை உள்ளே வா என்று கூப்பிட்டது அங்கேதான்.

அந்தக் குழுவின் உயிர் ஒரு பட்டுக் கொடி. வேடத்துக்குச் செய்ததல்ல, ஒரு படையணி உண்மையாகவே போருக்குத் தூக்கிச் சென்றது. ஆர்னேயின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மடித்த மடிப்பிலேயே கிடந்தது. நடுவில் பொன்னிறச் சிங்கம். ஆம், சிங்கம்! ஒரு சிங்கக் கொடிக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவள் நான். இங்கே இன்னொரு சிங்கத்துக்குக் காவலிருந்தேன்.

குழுவின் நிலவறையில் வெந்நீர்க் குழாய் வெடித்தபோது, ஆர்னே கொடிப் பெட்டியை என் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

"பட்டைப் பற்றி எங்களில் உனக்குத்தான் தெரியும்" என்றார். "திறக்க வேண்டாம். ஈரமில்லாத இடத்தில் இருந்தால் போதும்."

திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் திறந்தேன்.

ஏன் திறந்தேன்? ஆசையா? இல்லை... செருக்கு! எங்கள் வீடுகளில் கூறைச் சேலையை அப்படியே பூட்டி வைப்பதில்லை. இடைக்கிடை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, வேப்பிலை வைத்து மடிப்போம். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே அறுந்துபோகும். இவ்வளவு படித்த மனிதர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். திருத்திக் கொடுத்தால் ஆர்னே மகிழ்வார் என்றும் நினைத்தேன். என் அலுமாரியில் இருந்த காய்ந்த வேப்பிலைகளில் சிலவற்றைத் துணியின் நடுவிலும், கொடிக்கம்பு நுழைகிற உறைக்குள்ளும் வைத்தேன். பிறகு மடிப்பை மறுபக்கமாகத் திருப்பினேன்.

அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம்.

சிங்கம் கழுத்திலிருந்து வால்வரை இரண்டாகிவிட்டது. ஐயோ! என் கூறைக்கு வயது இருபத்தைந்து. இதற்கோ இருநூறு. அந்த வேறுபாடு அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் என் மண்டைக்குள் ஏறியது.

"என்னப்பா, தேத்தண்ணி ஆறுது. என்ன செய்யிறீர் அங்கை?" என்று கணவர் குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"ஒண்டுமில்லை. சீலை மடிக்கிறன்" என்றேன்.

பொய் எவ்வளவு இலகுவாக வந்தது! கண்ணில் பட்ட இலைகளைப் பொறுக்கினேன். கொடியைப் பழைய மடிப்பிலேயே மடித்து மூடினேன். மடிப்போடு மடிப்பாக வெடிப்பு மறைந்துவிட்டது.

அடுத்த மாதம் ஆர்னே பெட்டியைத் திரும்ப வாங்கிப்போய், குழுவினர் எல்லோருக்கும் முன்னால் கொடியை விரித்தார். அது அவர் கைகளில் இரண்டாகப் பிரிந்தது. அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "நான்தான்... அவசரப்பட்டுத் தூக்கிவிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்தேன்... திறந்த வாயால் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி கொண்டுவரட்டுமா?"

அன்றிலிருந்து, அணிவகுப்பில் தூக்குகிற போலிக் கொடியைக்கூட அவர் தொடுவதில்லை.

கொடியைப் பாதுகாக்க நிதி சேர்ப்பது என்று குழு தீர்மானித்தது. கிழிந்த சிங்கத்தின் படத்தைச் சுவரொட்டியாக அடித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் ஓடியவள் நானே. கூடாரத்துக்கு முன்னால் ரோல்ஸும் வடையும் விற்றேன். எங்கள் ஆட்களிடமும் உண்டியலை நீட்டினேன். "அக்கா கேட்டா இல்லையெண்டு சொல்லுவமே?" என்று சிரித்துக்கொண்டே போட்டார்கள். கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். நானும் நின்றேன்! அது தொண்டா? என் பயத்துக்குப் போட்ட முக்காடா? நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் ஆர்னே தொலைபேசியில் அழைத்தார். குரலில் துள்ளல். கொடியைச் சீர்செய்யும் நிபுணர், கம்பு உறைக்குள் காய்ந்த இலைகள் இரண்டைக் கண்டெடுத்தாராம்.

"ஒரு வீரன் வீட்டிலிருந்து கொண்டுபோன இலை! அவன் தாய் கொடுத்திருப்பாள்!" என்றார். "என்ன மரம் என்று ஆராயக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை நிபுணரே வந்து எல்லோருக்கும் சொல்லப்போகிறார்."

உறைக்குள் வைத்த இலைகள்... நான் எடுக்க மறந்த இலைகள்! நோர்வேயில் எங்கே வேம்பு முளைக்கிறது? அந்தக் குழுவில் வேம்பு முளைக்கிற ஊரிலிருந்து வந்தவள் ஒருத்திதானே!

அன்று தொடங்கிய பயம். கடைக் கதவு திறந்தால் திடுக்கிடுகிறேன். ஊசி விரலில் ஏறுகிறது. சிங்கத்தின்மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே கிழித்தாள் என்பார்களோ? எங்கள் ஆட்கள், எங்களுக்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிட்டாள் என்பார்களோ? வீட்டில் இருந்த வேப்பிலையை எல்லாம் குப்பையில் கொட்டினேன்.

"அலுமாரியிலை இருந்த வேப்பிலைப் பொட்டலம் எங்கை?" என்றார் கணவர். "சீலையெல்லாம் பூச்சி அரிக்கப்போகுது."

"பழசாப் போச்சு. எறிஞ்சிட்டன்."

அவர் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாரா? அப்படித்தான் தோன்றியது.

நேற்று ஆர்னே மீண்டும் அழைத்தார். "சனிக்கிழமை வேடத்தோடு வா. மேடையில் என் பக்கத்தில் நில். கொடிக்குக் காவலிருந்தவள் நீதானே" என்றார். அவர் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! அப்போதே சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் முகம்கூடத் தெரியாது... சொன்னேனா? வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

வேடத்துப் பாவாடையை அழுத்தித் தேய்த்து அலுமாரிக் கதவில் கொழுவியிருக்கிறேன். நிபுணர் மரத்தின் பெயரைச் சொல்லும்முன் நான் வாயைத் திறப்பேனா? தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. நீங்கள் ஆர்னே இல்லையே.

நாளைக்குச் சனிக்கிழமை.