கிட்னிக்குத் தரும் லீவு

இராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து என் பக்கத்தில் அமர்ந்தார் அந்தத் தறிக்காரப் பெண். புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்பவராம். நாற்பது வயதிருக்கும். இடது கன்னம் எலுமிச்சம்பழம் ஒதுக்கியதுபோல் வீங்கியிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார், அழுகிற பிள்ளையை ஏந்துவதுபோல.

"பல்லுக்காகவா தங்கச்சி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு?"

"இல்ல அண்ணாச்சி, கிட்னிக்கு. வாரம் ரெண்டு நாளு மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதாவ."

அவரே தொடர்ந்தார்.

"பல்லுவலின்னு லீவு கேட்டா, 'ஏட்டி, பல்லுவலியில எவ செத்தா?'ம்பாரு மொதலாளி. மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி மூணு வருசம் தெனமும் முழுங்குனேன். அந்த மாத்திரைதான் கிட்னியத் தின்னுட்டுன்னு டாக்டர் சொல்லுதாவ."

"இப்பவாவது பல்லைப் பிடுங்கலாமே?"

"பல்லு டாக்டர் காலையில மட்டுந்தான் இருப்பாவ. அந்நேரம் நான் மெஷின்ல கெடக்கேன். இன்னொரு நாளு லீவு கேக்க முடியுமா?" கன்னத்தைத் தாங்கியபடியே சொன்னார்: "மொதலாளியக் குத்தம் சொல்லக்கூடாது அண்ணாச்சி. கிட்னிக்குன்னா மறுபேச்சு பேசாம லீவு குடுத்துருதாரு."

அதில் கேலி இல்லை, நன்றிதான் இருந்தது. அந்த நன்றியை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.