இருசாயி கேட்டு வாங்கிய பஸ்

சின்னானுக்கு அரசாங்கத்தின் மேல் ஒரு கோபம். இன்று நேற்று வந்ததல்ல. மலைமேல் செம்மேட்டிலிருந்து வளப்பூர் நாடு என்ற ஊருக்கு ஓடும் தனியார் மினி பஸ்ஸில் கண்டக்டராக ஏறிய காலம் தொட்டு மனசில் கிடக்கிற கோபம். சென்னையில் பட்ஜெட் வாசிக்கிற அன்று அவனுக்குச் சோறு இறங்காது. வண்டி வரியை ஏற்றினார்கள். முதலாளி சுதாகர் கிளீனரை நிறுத்திவிட்டு அந்த வேலையையும் இவன் தலையில் கட்டினார். டீசல் விலை ஏறியது. இவனுடைய தினப்படி போச்சு.

"நம்ம மலை எந்தத் திக்குல இருக்குதுன்னே தெரியாதவன் அங்க பேனாவுல ஒரு கோடு இழுத்தா, இங்க என்ற வயித்துல வந்து விழுவுது" என்பான்.

அப்படிப்பட்டவனுக்குப் பெண்டாட்டியாக வாய்த்தவள்தான் இருசாயி.

அவளை அவன் முதலில் பார்த்ததே பஸ்ஸில்தான். பிள்ளைத்தாச்சி ஒருத்தி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். சீட்டில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் சன்னல் வழியே காடு பார்த்தார்கள். இருசாயி, சின்னான் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினாள். வண்டி நின்றது. "இந்தப் புள்ள உக்காராம இது நகராதுங்க" என்றாள். அப்போது அவன் பட்ட ஆத்திரம், தை மாதத்துக்குள் கல்யாணமாக மாறியது எப்படி என்று அவனுக்கே விளங்கவில்லை.

மிளகுக் கொடி நோய் வந்து பட்டுப்போன வருசம், அவள் சித்தாள் வேலைக்கு நாமக்கல் இறங்கினாள். மலைப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாடகை அறை. அங்கே இருந்தபோதுதான் அரசியல் அவளுக்குப் புரிந்தது. நகரத்துத் தேர்தல் வந்தது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று அரசாங்கம் சொல்லியிருந்த நேரம். பக்கத்து வார்டில் நின்றவர் அந்த பஸ்ஸைக் காட்டியே ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். இவர்கள் வார்டில் ஜெயித்தவர் சுகுணா. கொஞ்ச நாளில் மேலே இருந்து வீட்டு வரியை ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். தெருவே திரண்டு சுகுணா வாசலில் நின்றது. அந்த வீட்டு மாடியில்தான் இருசாயி கலவை சுமந்துகொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு, சுகுணா படியில் உட்கார்ந்து இருசாயியிடம் அழுதார்.

"நான் ஏத்தலடி. என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூட இல்ல. இனி எந்தத் தேர்தல்லயும் நிக்க மாட்டேன்."

ஊருக்கு வந்ததும் இருசாயி சின்னானிடம் சொன்னாள்: "பஸ்ஸக் குடுத்தது அவரு இல்ல. வரியப் போட்டது இந்தம்மா இல்ல. அவருக்கு மாலை, இவங்களுக்கு வசவு. மேல முடிவு பண்றவங்க மூஞ்சிய யாரும் பாத்ததே இல்லீங்க."

"அதுக்கு நீ என்ன பண்ணப் போற?"

"கேக்கப் போறேன்."

கிராம சபையில் எழுந்து நின்று கேட்டாள். "கீழ எறங்குனா பொம்பளைக்கு பஸ் சும்மா. மலை ஏறுனா காசு. ஏனுங்க, நாங்க பொம்பளைக இல்லீங்களா?" கூட்டம் சிரித்தது. ஆபீசர் ஜான்பீட்டர் சிரித்தபடியே எழுதிக்கொண்டார். பின்னால் நின்ற சின்னானுக்குக் காது சுட்டது. மலையில் பெண்களை நம்பித்தான் மினி பஸ்ஸே ஓடுகிறது.

"என்ற பொழப்புல மண்ணப் போட ஊட்டுலயே ஆள் வச்சிருக்கறேன்" என்றான் வீட்டில்.

"பக்கத்து ஊட்டுக் கண்ணாயி சக்கரை நோய்க்கு மாத்திரை வாங்கப் போறதையே நிறுத்திட்டா, பஸ்ஸுக்குக் காசில்லாம. நீங்க சும்மா ஏத்திட்டுப் போனா சுதாகரு உங்கள நிறுத்திருவாரு. வேற யாருகிட்ட நான் கேக்கறது, சொல்லுங்க."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அந்த வருசம் பட்ஜெட்டை அவன் செம்மேட்டு டீக்கடை டிவியில் பார்த்தான். மலைப் பகுதி பஸ்ஸிலும் பெண்களுக்கு இலவசம் என்று வாசித்தார்கள். பாதி டீயை வைத்துவிட்டு வெளியே வந்தான். சுதாகர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். "ஆள் ஏறலேன்னா வண்டிய வித்துருவேன் சின்னான். மனசுல வச்சுக்கோ."

வேறு யார் வாயிலிருந்தும் அவள் அதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது அவனுக்கு. அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போய், "கெடச்சிருச்சு புள்ள" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். "சோத்தப் போடு, பசிக்குது" என்று உட்கார்ந்தான். இறங்காத சோற்றை ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

உள்ளாட்சித் தேர்தல் அடுத்து வந்தது. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இருசாயி நின்றாள். எதிர்த்து நின்ற ரஞ்சிதா ஊர் ஊராகக் கேட்டாள்: "பட்ஜெட்டுல குடுத்தது சென்னைக்காரங்க. இருசாயி என்னத்தக் குடுத்தா? அவ புருசன் இன்னமும் காசு வாங்கிட்டுத்தான டிக்கெட் கிழிக்கறாரு?"

"ஆமாங்க, நான் குடுக்கல" என்றாள் இருசாயி. "கேட்டேன். நாளைக்கு வரி போட்டாலும் போடுவாங்க. அப்பவும் போயிக் கேப்பேன். என்னைய வையறதுன்னா கேட்டுட்டு வந்ததுக்கு அப்பறம் வைங்க."

ஜெயித்தாள். "எனக்குத்தான போட்டீங்க?" என்று சின்னானை நோண்டினாள். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்றான், மீசைக்குள் சிரிப்பை ஒதுக்கி.

தேர்தல் நடத்தை விதிகள் விலகிய பிறகே அரசாங்கத்தின் இலவச பஸ் வந்தது. சந்தை நாள். வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, வளப்பூர் நாட்டில் நின்றது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். பின்னால் மினி பஸ் காலியாக உறுமிக்கொண்டிருந்தது. இருசாயி இரண்டு பலாப்பழத்தோடு மினி பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். சின்னான் படியில் கையைக் குறுக்கே வைத்தான்.

"எங்க வார?"

"நம்ம பஸ்ஸுல."

"கேட்டு வாங்குனவளே ஏறலேன்னா ஊரு என்ன பேசும்? போ சாமி. முன்னாடி சீட்டுல உக்காரு. எல்லாரும் பாக்கோணும்."

அவள் கண் கலங்கியதை அவன் பார்க்காத மாதிரி விசிலைத் துடைத்தான். அவள் போய் இலவச பஸ்ஸின் படியில் கால் வைத்தாள். உள்ளேயிருந்து கண்டக்டர் அர்த்தநாரி குரல் கொடுத்தார்.

"ஏனுங்க மெம்பரம்மா, பொம்பளைக்குத்தாங்க இலவசம். பலாப்பழத்துக்கு இல்லீங்க. எடமும் இல்ல, எறக்கிருங்க."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அப்புறம்தான் ஒவ்வொருத்தியும் தன் காலடியைப் பார்த்தாள். பழமும் மூட்டையும் வாழைத்தாருமாக ஒவ்வொன்றாய்க் கீழே வந்தன. ரோட்டோரம் குவிந்து கிடந்த சந்தைச் சரக்கையும், அதன் பின்னால் நின்ற காலி வண்டியையும் இருசாயி மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பலாப்பழத்தை இறக்கிவிட்டு உள்ளே ஏறி, சன்னலில் தலையை நீட்டி, சின்னானைப் பார்த்து ஊரே கேட்கும்படி சொன்னாள்:

"ஏனுங்க, எங்க சரக்க எல்லாம் நீங்க ஏத்திட்டு வாங்க. நாங்க செம்மேட்டுல நிக்கறோம். கூலி கறாரா வாங்கிப்போடுங்க. மொதல்ல என்கிட்ட வாங்குங்க."