ராணிய மட்டும்தான் என்னால தேர்ந்தெடுக்க முடிஞ்சுச்சு

மூணு வருஷமா பாத்துப் பாத்து, கொட்டாத தேனீப் பெட்டியில இருந்து ஒரு ராணிய வளத்தேன். இனி யாரையாவது கொட்டினா பெட்டியே வைக்கக்கூடாதுன்னு நாங்க குடியிருக்கிற தோட்டத்து லயத்துல சொல்லிட்டாங்க.

இன்னைக்கு மத்தியானம் அந்த ராணி ஆண் தேனீயோட சேர வெளிய பறந்துச்சு.

அந்த நேரம் பாத்து வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சுனில் அண்ணன் கூப்பிட்டாரு. தங்கச்சிங்கறத சிங்களத்துல நங்கின்னுதான் சொல்லுவாரு. தபால்காரரையே ஓட ஓட விரட்டினது அவரோட தேனீங்கதான்.

"நங்கி, நம்ம ஆண் தேனீ எல்லாம் வெளிய கெளம்பிடுச்சு!"

"ஐயோ, பெட்டிய மூடுங்கண்ணே!"

"அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு நங்கி."

வானத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். வேற என்ன செய்ய?

அரை மணி நேரத்துல ராணி திரும்பி வந்துச்சு. யாரோட சேந்துச்சுன்னு அதுக்கிட்டயா கேக்க முடியும்?

பொறக்குற பிள்ளைங்க அம்மா மாதிரி சாதுவா, அப்பன் மாதிரி கொட்டுமான்னு தெரிய ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் லயத்து ஆளுங்களப் பாத்து சிரிச்சு வைக்க வேண்டியதுதான்.

பெட்டி வச்சிருக்கவங்க யாராவது ஒரு பொய்யாவது சொல்லித் தேத்துங்களேன்.