ஜெயித்தவருக்கான சுவர்

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் பஸ் நிற்கிறது. அருப்புக்கோட்டைக்கு இன்னும் அரை மணி நேரம். எதிர்ச் சுவரில் 'வாக்களித்த மக்களுக்கு நன்றி' என்ற வரியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் பெயரின் மேல் ஒருவர் சுண்ணாம்பு அடிக்கிறார்.

"எதுக்குண்ணே பேரை மட்டும் அழிக்கிறீங்க?"

"ஜெயிச்சவருக்குத்தான் இந்தச் சொவருன்னு ஊர்க் கட்டுப்பாடு. காலையில ஒரு கட்சிப் பேப்பரைப் பாத்து ஒருத்தர் பேரை எழுதினேன். மத்தியானம் மத்தக் கட்சிப் பேப்பரு வந்துச்சு, அழிச்சிட்டு அடுத்தவரு பேரை எழுதினேன். இப்ப டவுனுல மறுபடி எண்ணுறாகளாம். ரெண்டு கட்சிக்காரவுகளும் என்னையத்தான் வையிறாக."

"நன்றியை அழிக்கலையே?"

"அது யாரு ஜெயிச்சாலும் சொல்றதுதான?"

ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் இரண்டு பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. காய்ந்தால் மறைந்துவிடும் என்கிறார்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பஸ் வந்து எதிரே நிற்கிறது. முடிவு தெரிந்திருக்கும் என்று நான் ஆவலோடு பார்க்கிறேன். அதன் டிரைவர் தலையை நீட்டி, பெயரில்லாத சுவரைக் கண்டு முகம் சுளிக்கிறார்.

"என்னண்ணே, இன்னும் பேரு எழுதலையா? டவுனுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. ரேடியோவும் வாயைத் தொறக்கல. ஒங்க சொவரைப் பாத்தாத் தெரிஞ்சுரும்னு பஸ்ஸுல அம்புட்டுப் பேரையும் அமத்திக் கூட்டியாரேன்!"