எங்கள் ஜன்னல் வழியாகப் போன கரண்ட்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டு ஜன்னலை மூட முடியாது. தெருவுக்கே கரண்ட் அந்த வழியாகத்தான் போகும்.

என் வீட்டுக்காரருக்குத் தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. நாங்கள் இருந்த சுரங்கக் குடியிருப்பு லைனில் பாதி வீடு கிறிஸ்தவர்கள், பாதி எங்களைப் போல இந்துக்கள். ஆனாலும் கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு எல்லார் வீட்டுக் கூரையிலும் ஏறும். தெரு முனையில் பெரிய மூங்கில் ஸ்டார், எதிர்வீட்டு அக்கா வாசலில் வைக்கோல் வேய்ந்த கிறிஸ்துமஸ் குடில். பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பார்க்க வருவார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அத்தனைக்கும் இணைப்பு எங்கள் வீட்டிலிருந்து.

"மத்த வீட்டு வயரிங்க நம்ப முடியாது" என்பார் இவர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் டீகூடக் குடிக்காமல் ஏணியில் ஏறிவிடுவார். குளிரும் கொசுவும் எனக்கு. மிக்சி போடாதே, இஸ்திரி போடாதே என்று சட்டம் வேறு.

ஒரு வருஷம் ஸ்டார் ஏற்றிய அன்று சாயங்காலம். மறுநாள் பேத்தமங்களாவிலிருந்து என் அண்ணன் வருவதாக இருந்தான். இட்லிக்கு ஊறவைத்த அரிசி காலையிலிருந்து அப்படியே கிடந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு கிரைண்டரைப் போட்டேன். கல் சுற்றத் தொடங்கியதுதான் தெரியும். டப்பென்று தெருவே இருண்டது.

"இன்னா பண்ண நீ?" ஏணியிலிருந்தே கத்தினார்.

"மாவு அரைச்சேன். நாளைக்கு எங்க அண்ணனுக்கு இன்னா, ஸ்டாரையா புட்டு வெக்கறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. ஃபியூஸ் கட்டை கருகிப்போயிருந்தது. வேறு வாங்கக் கடைக்கு ஓடினார்.

எதிர்வீட்டு அக்கா என்னை நோக்கி வந்தார். சண்டைதான் என்று நினைத்தேன். கையில் மெழுகுவர்த்திக் கட்டு.

"வாம்மா, நீயும் ஒரு கை குடு."

இருவரும் குடிலைச் சுற்றி ஏற்றி வைத்தோம். வைக்கோல் பற்றிக்கொள்ளுமே என்று நான் வாளித் தண்ணீரோடு காவல் நின்றேன். கூட்டம் கிட்ட வந்து பார்த்தது. ஒரு அம்மா, "வருஷா வருஷம் இப்பிடியே வெய்ங்க, இதான் அழகா கீது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் இத்தனை டிசம்பர் நான் குளிரில் கிடந்தது எதற்கு?

அடுத்த வருஷம் அக்காவே, "கரண்ட்ட எங்க வூட்ல எடுத்துக்கோங்க" என்றார். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. அக்கா வீட்டு ஃபியூஸ் தினமும் போயிற்று. இவர் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வாங்க" என்று குரல் வரும். போனவர் திரும்ப மாட்டார். குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்து அலுத்துப்போய், ஒருநாள் தட்டோடு தெருவைத் தாண்டிப் போனேன்.

"எறங்கி வந்து சாப்டுங்க."

"மொதல்ல ஏணியப் புடி" என்றார் மேலிருந்து.

ஒரு கையில் தட்டு, மறு கையில் ஏணி. குடில் பார்க்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.