தானாகத் தட்டிய கீபோர்டு

மாலைக்குள் அறிக்கை அனுப்பாவிட்டால் என் வேலை போய்விடும். அன்று பார்த்து, புது வயர்லெஸ் கீபோர்டு நான் தொடாமலே ஒரே எழுத்தை வரிவரியாக அடித்தது. பேட்டரி மாற்றினேன். “ஏட்டி, காபியக் கொட்டுனியா?” என்று மனைவி மீது பாய்ந்தேன். கீபோர்டை லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு, ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே சாதுவாக இருந்தது. வீடு திரும்பி சோபாவில் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது.

“செத்த எந்திரிங்க” என்றாள் மனைவி. எழுந்தேன், நின்றது. உட்கார்ந்தேன், ஓடியது. அவள் சோபா மெத்தையைத் தூக்கினாள். நான் ஒளித்துவைத்த பழைய வயர்லெஸ் கீபோர்டு கிடந்தது. சிக்னல் வாங்கும் அதன் குட்டி ரிசீவரை லேப்டாப்பிலிருந்து கழற்ற மறந்திருந்தேன்; நான் உட்கார்ந்து அழுத்தியதெல்லாம் திரையில் எழுத்தாக ஓடியிருக்கிறது.

“பழசு செத்துப்போச்சுன்னு சொல்லித்தான புதுசு வாங்குனீக? இது நீங்க உக்காந்தாலே வேல செய்யுதே!”

அறிக்கையை நின்றுகொண்டே அடித்து அனுப்பினேன். வேலை தப்பியது. இப்போதெல்லாம் எது பழுதானாலும், யாரையும் திட்டுமுன் முதலில் நான் எழுந்து பார்க்கிறேன்.