டயாலிசிஸ் வார்டில் ஒரு சிரித்த முகம்

போட்டோ தொழிலில் முகத்தைப் பிடிப்பது சுலபம். அந்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் பெரும்பாடு. கேமராவால் பிழைக்கும் உங்களுக்குத் தெரியாததா? ராத்திரியெல்லாம் திருப்பதியில் கல்யாண முகூர்த்தம் எடுத்துவிட்டு, தூக்கம் வராத பகலில் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். நோயாளிகளைப் படமெடுத்து, அங்கேயே வராந்தாவில் கண்காட்சி வைக்கும் ஒரு அமைப்பின் வேலை.

பட்டுப்புடவை

நகரி கமலாக்கா பவர்லூமில் வேலை பார்த்தவர். கிட்னி பழுதானதும், "ரெஸ்ட் எடும்மா" என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். படமெடுக்கப் போனால் பட்டுப்புடவை, பூ, பவுடர் சகிதம் உட்கார்ந்திருக்கிறார்! ஊசி ஏறும் கையை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். இவ்வளவு அலங்காரம் எதற்கு என்று கேட்டேன்.

"திறப்பு விழாவுக்கு எங்க மொதலாளியும் வர்றாராமே நைனா. ஆளு நல்லாத்தான் கீறா, வேலைக்குக் கூப்பிடலாம்னு அவருக்குத் தோணணும். சும்மா குந்திக்கினு துன்னா சோறு எறங்கல."

சோகம் போதவில்லை

அமைப்பின் மேடம் அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். ஊசி குத்தும்போது இன்னொன்று எடுக்க வேண்டுமாம், கண்ணில் தண்ணீர் நிற்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோகம்தான் வேண்டுமென்றால் என் முகத்தை எடுத்து மாட்டுங்கள், குறையே இருக்காது" என்றேன். கடைசியில் சிரித்த படமே போகட்டும் என்றார், மனசில்லாமல். அப்போதும் தெலுங்கு கலந்து முணுமுணுத்தார்:

"ஏமண்டி, இவங்க இப்படிச் சிரிச்சா பேஷண்ட்டுன்னு யாரு நம்புவாங்க?"

திறப்பு விழா

விழாவன்று வராந்தாவில் கால் வைத்தால், பந்தல்காரர்கள் எல்லாப் படத்துக்கும் சாமந்தி மாலை போட்டு, கண்ணாடியில் குங்குமம் வைத்து, கீழே விளக்கும் ஏற்றியிருந்தார்கள். படத்தில் இருப்பவர்களோ எதிரே நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்! கத்தினேன். "பிரேம் போட்ட போட்டோன்னா மாலைதானே அண்ணா?" என்று பந்தல்காரர் என்னையே கேட்டார்.

மாலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு நான் வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார். கமலாக்கா படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடிக் கைகூப்பி, "தங்கமான பொம்பள" என்று பெருமூச்சு வேறு. அவர் முதுகுக்குப் பின்னால் டீ கிளாஸோடு எழுந்து வந்தார் கமலாக்கா.

"மொதலாளி, கும்பிட்டது போதும். திங்கக்கெழமை எந்த ஷிப்டுன்னு சொல்லுங்க."

உயிரோடு இருப்பவரை அப்படியே காட்ட எத்தனை நல்ல லென்ஸ் போட்டாலும் பத்தாது, ஆளே நேரில் வந்து அதட்டினால்தான் நம்புகிறார்கள்.